ஆறு வீட்டிலும் பன்னிரண்டு புள்ளி ஏழு

லிசி அந்த நிறுவனத்தில் சேர்ந்தபோது வேலைக்கு ஒரு மேஜை, இரண்டு தொலைபேசி, நீளமான ஒரு பதிவேடு, அவ்வளவுதான். தில்லைநகரில் மாடியில் இருந்தது அலுவலகம். முதலாளி அற்புதசாமி மருத்துவக் கருவிகளை வாடகைக்கு விடுகிறவர். வீட்டோடு படுத்துவிட்ட நோயாளிகளுக்கு ஆக்சிஜன் மெஷின், காற்று மெத்தை, சளி உறிஞ்சும் கருவி என்று கொண்டுபோய் வைப்பார்கள். பழுதானால் ஆள் அனுப்புவார்கள். அந்த ஆளை எங்கே எப்போது அனுப்புவது என்று பார்ப்பது லிசியின் பொறுப்பு. பாலக்கரையில் பஸ் கண்டக்டர் ஒருவரின் மகள், பிஎஸ்சி பிசிக்ஸ் படித்தவள். குரலை வைத்தே இன்னார் வீடு என்று சொல்லிவிடுவாள். அப்படிப் பதினான்கு வருடம் ஓடிவிட்டது.

கொரோனாக் காலத்தில் நாற்பது மெஷின் நானூறாக ஆனபோது பதிவேடு தாங்கவில்லை. மென்பொருள் வந்தது. இன்ஜினியர்கள் எல்லாருடைய போனிலும் ஒரு ஆப். ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஒரு கார்டு; வேலை முடிந்ததும் அளவும் போட்டோவும் ஏற்றி அதை மூட வேண்டும். போன் எங்கே இருக்கிறதோ அங்கே லிசியின் திரையில் ஒரு நீலப் புள்ளி. எந்த மெஷின் எந்த வீட்டில், எப்போது பில்டர் மாற்றியது, கையிருப்பு சிலிண்டர் எத்தனை, எல்லாம் விரல்நுனியில். முதல் ஆறு மாதம் அதோடு மல்லுக்கட்டினாள். பிறகு அது இல்லாமல் எப்படி வேலை பார்த்தோம் என்று அவளுக்கே மறந்துபோயிற்று.

அவள் கணவன் அடைக்கலராஜுக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. அவனுடைய தம்பி பிரவீன்ராஜ் அவர்களோடுதான் இருந்தான். லிசி கல்யாணமாகி வந்தபோது பத்தாம் வகுப்பு. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறு போட்டு, டிப்ளமோ படிக்க வைத்து ஆளாக்கியவள் அவள்தான். மூன்று வருடத்துக்கு முன் அற்புதசாமியிடம் சொல்லி இந்த வேலையையும் வாங்கிக் கொடுத்திருந்தாள். கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருந்தான். ஒரு நாளைக்கு அதிகக் கார்டு முடிக்கிறவன் யார் என்று மென்பொருள் வரிசை போட்டுக் காட்டும்போது பெரும்பாலும் அவன் பெயர்தான் முதலில் நிற்கும். லிசிக்கு அதில் பெருமை உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மாதாந்திரப் பராமரிப்புக்காக ஸ்ரீரங்கத்தில் காலை ஒன்பதே முக்காலிலிருந்து மாலை நான்கு வரை கரண்ட் இருக்காது என்று முந்தின நாளே அறிவித்திருந்தார்கள். அந்தப் பகுதியில் ஆறு வீடுகளில் இவர்களுடைய ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு இன்வெர்ட்டர், ஒரு பேட்டரி. நல்ல பேட்டரி மூன்றரை மணி நேரம் தாங்கும். அதற்குள் வேன்காரர் பிச்சமுத்து சார்ஜ் ஏற்றிய வேறு பேட்டரியைக் கொண்டுபோய் மாற்றிவிடுவார். அதற்கும் மேல் ஏதாவது ஆனால் வீட்டிலேயே ஒரு சின்னச் சிலிண்டர் இருக்கும். இதுதான் ஏற்பாடு.

எந்த வீட்டுக்கு முதலில் பேட்டரி அனுப்புவது என்று பார்க்க, எட்டு இருபதுக்கு லிசி போன மாதப் பரிசோதனைக் கார்டுகளைத் திறந்தாள். எந்தப் பேட்டரி பலவீனமாக இருக்கிறதோ அது முதலில். முதல் கார்டில் வோல்டேஜ் பன்னிரண்டு புள்ளி ஏழு. இரண்டாவதிலும் அதே. மூன்றாவதைத் திறந்தபோது அவள் கை மவுசிலேயே நின்றது. ஆறையும் திறந்தாள். ஆறிலும் பன்னிரண்டு புள்ளி ஏழு.

ஒரு பேட்டரிக்கு வயது மூன்று வருடம், இன்னொன்றுக்கு எட்டு மாதம். இரண்டும் ஒரே அளவு காட்டாது. போட்டோக்களைப் பார்த்தாள். ஆறு கார்டிலும் ஒரே பேட்டரி. கொஞ்சம் கொஞ்சம் கோணம் மாற்றி எடுத்தது. பின்னால் ஒரே பச்சைச் சுவர். பிறகு, அதுவரை யாரும் பார்க்காத ஒரு பக்கத்துக்குப் போனாள். கார்டை மூடும்போது போன் எங்கே இருந்தது என்பதும் அதில் பதிவாகியிருக்கும். ஆறு கார்டும் போன மாதம் இருபத்தெட்டாம் தேதி, மாலை நான்கு பத்துக்கும் நான்கு இருபத்தொன்றுக்கும் நடுவில் மூடப்பட்டிருந்தன. இடம், அரியமங்கலம் தொழிற்பேட்டையில் நிறுவனம் பேட்டரி வைத்திருக்கும் குடோன் பக்கம். ஸ்ரீரங்கத்தில் காலே வைக்கவில்லை.

மூடியவன் பெயர் பிரவீன்ராஜ்.

கடிகாரத்தில் எட்டு முப்பத்தைந்து. அவனுடைய நீலப் புள்ளி ஜீயபுரத்தில் இருந்தது. கூப்பிட்டாள். அவன் வழக்கம்போல உற்சாகமாகத்தான் பேசினான். ஸ்ரீரங்கம் ஆறு வீட்டுக்கும் போன மாதம் போனாயா என்று கேட்டாள். போனேனே என்றான்.

"தேசிகன் சார் வீட்டுல பேட்டரி எந்த ரூம்ல இருக்கு?"

மறுமுனையில் டிராக்டர் ஒன்று கடந்துபோகும் சத்தம் மட்டும் கேட்டது.

"பிரவீன், ஒன்பதே முக்காலுக்கு அங்க கரண்ட் போகுது."

"நான் போகலைண்ணி," என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "ஒரு வீட்டுக்கும் போகலை."

அங்கே வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பு என்று சொல்லி வைத்தாள். கோபப்படக்கூட நேரமில்லை. ஜீயபுரத்திலிருந்து குடமுருட்டி தாண்டி, சத்திரம் வழியாகக் காவிரிப் பாலம் ஏறி ஸ்ரீரங்கம் வர, அந்தக் காலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அரியமங்கலத்தில் வேனோடு இருந்த பிச்சமுத்துவைக் கூப்பிட்டு, இருக்கிற பேட்டரி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வரச் சொன்னாள். திருவானைக்காவலில் ஒரு வீட்டில் இருந்த ஹாஜிராதான் பக்கத்தில். நிறுவனத்தில் இருந்த ஒரே பெண் இன்ஜினியர். இரண்டு வார்த்தையில் விஷயத்தைப் புரிந்துகொண்டு, எந்த வீட்டுக்கு முதலில் என்று மட்டும் கேட்டாள்.

அதைத்தான் லிசி முடிவு பண்ண வேண்டியிருந்தது. ஒவ்வொரு வீடாகப் போன் போட்டாள். ஒரு சோதனை செய்ய வேண்டும், மெஷினை நிறுத்தாமல் இன்வெர்ட்டரின் பிளக்கை மட்டும் சுவரிலிருந்து பிடுங்குங்கள் என்று சொன்னாள். முதல் வீட்டில் மெஷின் ஓடியது. பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டுத் திருப்பிக் கூப்பிடச் சொன்னாள். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வீடுகளிலும் ஓடியது. மாம்பழச்சாலையில் சின்னையா என்ற பெரியவரின் வீட்டில், மகன் பிளக்கைப் பிடுங்கிய மறுகணமே மெஷின் அலறிக்கொண்டு நின்றுவிட்டது. போனிலேயே அந்த அலறல் கேட்டது. மறுபடியும் மாட்டச் சொன்னாள். சின்னையாவுக்கு நிமிடத்துக்கு நாலு லிட்டர் ஆக்சிஜன் வேண்டும்; ஐந்து நிமிடம்கூடத் தாங்கமாட்டார். ஹாஜிராவை அங்கே போகச் சொன்னாள்.

கீழ உத்திர வீதியில் தேசிகன் வீட்டில் மட்டும் யாரும் போனை எடுக்கவில்லை.

தேசிகன் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் இறுகிப்போகும் நோய். இரண்டு லிட்டரில் ஓடிக்கொண்டிருந்தார். ஆறு பேரில் குறைவான தேவை அவருக்குத்தான். பிள்ளைகள் வெளியூரில். அவரும் மனைவி வத்ஸலாவும் மட்டும். லிசி ஒன்பது மணிக்கு மூன்று தடவை கூப்பிட்டாள். ஒன்பதேகாலுக்கு இரண்டு தடவை. கார்டில் இருந்த மகனுடைய எண்ணைப் போட்டால் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

திரையில் பிச்சமுத்துவின் புள்ளி சஞ்சீவி நகர் சிக்னலில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். ஒரு லாரி குறுக்கே மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் வண்டிகள் தேங்கி நிற்கின்றன என்று அவர் சொன்னார். பிரவீன்ராஜின் புள்ளி சத்திரம் பேருந்து நிலையத்தைக்கூடத் தொடவில்லை. ஹாஜிரா சின்னையாவின் வீட்டை அடைந்து, தன்னிடம் இருந்த சிலிண்டரை மாட்டத் தயாராக வைத்திருப்பதாகவும், கரண்ட் போனதும் மாற்றிவிட்டு, அவர் நிலைக்கு வரும்வரை நகர முடியாது என்றும் சொன்னாள். அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்பதே முக்காலுக்குச் சரியாகக் கரண்ட் போனது.

ஒன்பது ஐம்பத்தொன்றுக்கு லிசியின் போன் அடித்தது. வத்ஸலாதான். குளித்து மடியாகத் திருவாராதன பூஜைக்கு உட்கார்ந்திருந்ததாகவும், போன் கூடத்தில் சார்ஜில் கிடந்ததாகவும் சொன்னாள். இத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறீர்களே, என்ன விஷயம் என்று கேட்டாள். அவள் பேச்சுக்குப் பின்னால் விட்டு விட்டு ஒரு பீப் சத்தம்.

"மாமி, அந்தச் சத்தம் எப்பலேர்ந்து?"

"இப்பதான் ரெண்டு நிமிஷமா. பேட்டரியில சிவப்பு லைட் எரியறது."

லிசி சிலிண்டரைப் பற்றிக் கேட்டாள். கட்டிலுக்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வத்ஸலா போய்ப் பார்த்தாள். மேலே இருக்கும் வட்டமான மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று லிசி கேட்டபோதே பதில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. திரையில் தேசிகன் வீட்டுச் சிலிண்டரின் வரலாறு திறந்திருந்தது. கடைசியாக நிரப்பியது பிப்ரவரியில். மே மாதம் புயல்காற்றில் நாள் முழுக்கக் கரண்ட் போனபோது அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். போன மாதப் பரிசோதனையில் அதையும் பார்த்து மாற்றியிருக்க வேண்டும். முள் பூஜ்யத்தில் இருக்கிறது என்றாள் வத்ஸலா. அவள் சொல்லி முடிப்பதற்குள் மெஷின் நின்றுவிட்டது. பின்னால் ஓடிக்கொண்டிருந்த சத்தம் இல்லாமல் போனதில், தேசிகன் மூச்சை இழுப்பது லிசிக்குக் கேட்டது.

பக்கத்து மேஜைப் பெண்ணை 108-ஐ அழைக்கச் சொன்னாள். பதினைந்து நிமிடத்தில் வருவதாகச் சொன்னார்கள். வத்ஸலாவிடம், அவரை நிமிர்த்தி உட்கார வையுங்கள், முன்னால் தலையணை வைத்துச் சாய்ந்துகொள்ளச் சொல்லுங்கள், பேச விடாதீர்கள், விரலில் ஆக்சிமீட்டரை மாட்டுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். வத்ஸலா எண்ணைப் படித்தாள். எண்பத்தொன்பது.

லிசி கண்ணை மூடித் திறந்தாள். ஸ்ரீரங்கத்துக்குள் நிரம்பிய சிலிண்டர் வேறு எங்கே இருக்கிறது? மருந்துக்கடைகளில் இருக்காது. ஹாஜிராவிடம் இருந்த ஒன்று சின்னையாவுக்குப் போய்விட்டது. சட்டென்று கையிருப்புப் பக்கத்தைத் திறந்து, இடம் ஸ்ரீரங்கம், பொருள் சிலிண்டர் என்று தேடினாள். ஏழு வந்தது. ஆறு இந்த ஆறு வீட்டினுடையது; யாரும் பரிசோதிக்காத அவற்றை நம்ப முடியாது. ஏழாவது, தெற்குச் சித்திரை வீதி. 'திரும்ப எடுக்க வேண்டியவை' என்ற பட்டியலில் இருந்தது. நோயாளி காலமாகிவிட்டார், ஒன்பது நாளாகிறது. துக்க வீட்டுக்கு உடனே போன் போட்டு மெஷினைக் கேட்க வேண்டாம் என்று அவளே தள்ளிவைத்திருந்தாள். சிலிண்டர் நிரப்பியது ஜூன் கடைசியில். சீல் உடைக்கவில்லை.

வத்ஸலாவின் இணைப்பை ஒரு போனில் வைத்துக்கொண்டே மற்றதில் அந்த எண்ணைப் போட்டாள். எடுத்தவள் அந்த வீட்டு மருமகள் அம்ருதா. லிசி தன் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் சொன்னதும், மெஷினை எடுத்துக்கொண்டு போங்கோ, நாங்களே சொல்லணும்னு இருந்தோம் என்று தொடங்கினாள். லிசி இடைமறித்து விஷயத்தைச் சொன்னாள்.

அம்ருதா "எந்த ஆத்துல?" என்று கேட்டாள். தேசிகன் என்றதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. "ஆத்துக்காரர் இப்பதான் காரியம் முடிச்சுட்டு வந்தார். அனுப்பறேன். ஆனா எங்களுக்குத் தீட்டு. அவா ஆத்துக்குள்ள நாங்க வரலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்கோ."

லிசி மற்ற போனை எடுத்துக் கேட்டாள். வத்ஸலா அப்போது எண்பத்துநாலு என்று படித்துக்கொண்டிருந்தாள். கேள்வியைக் கேட்டதும் யோசிக்கவே இல்லை.

"வரச் சொல்லுங்கோ. வாசக்கதவைத் தெறந்து வைக்கறேன்."

அதன்பிறகு நடந்ததை லிசி கண்ணால் பார்க்கவில்லை. காதால் மட்டும் கேட்டாள். அம்ருதாவின் கணவன் ஜனார்தன் ஒன்பது நாள் சவரம் செய்யாத முகத்தோடு, மேலுக்கு ஒரு துண்டோடு, ஸ்கூட்டரின் முன்பக்கம் இரண்டு காலுக்கு நடுவில் சிலிண்டரை நிறுத்திப் பிடித்துக்கொண்டு சித்திரை வீதியிலிருந்து உத்திர வீதிக்கு வந்தான் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அவளுக்குக் கேட்டது எண்கள்தான். எண்பத்துமூன்று. எண்பத்திரண்டு. நடுவில் ஒருமுறை வத்ஸலா எண்ணைச் சொல்வதை நிறுத்திவிட்டு, "அவர் உதடு நீலமா ஆறது" என்றாள். இதோ வந்துவிடுவார், எண்ணைப் படித்துக்கொண்டே இருங்கள் என்றாள் லிசி.

எண்பத்தொன்று.

வாசலில் ஸ்கூட்டர் நிற்கும் சத்தம். ஓடிவரும் காலடி. அந்தச் சிலிண்டரை மாட்டச் சொல்லித்தர லிசி தயாராக இருந்தாள், தேவைப்படவில்லை. தகப்பனுக்கு ஒன்றரை வருடம் செய்த பழக்கத்தில், ஜனார்தன் சீலை உடைத்து, மீட்டரைத் திருகி, குழாயை மாற்றி, அரை நிமிடத்துக்குள் திறந்துவிட்டான். காற்று சீறும் சத்தம் போனில் வந்தது. சற்றுப் பொறுத்து, எண்பத்தைந்து என்று இந்த முறை ஆண் குரல் படித்தது. எண்பத்தெட்டு. தொண்ணூற்றொன்று.

லிசி போனைக் கீழே வைத்தாள்.

ஆம்புலன்ஸ் வந்து பார்த்துவிட்டு, இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கலாம் என்று சொல்லிப் போனது. ஹாஜிரா வந்தாள். பத்தரைக்கு பிரவீன்ராஜின் புள்ளி தேசிகன் வீட்டை அடைந்தது. பதினொன்றுக்கு வேனும் வந்து பேட்டரி மாற்றினார்கள். பிரவீன் அந்த வீட்டுக்குள் போகவில்லை, வாசலிலேயே நின்றுகொண்டு பேட்டரியைத் தூக்கிக் கொடுத்தான் என்று ஹாஜிரா சொன்னாள். வத்ஸலாவுக்கு அவன் யாரென்று தெரியாது.

மதியம் அற்புதசாமி அறைக்குக் கூப்பிட்டார். அவரும் ஆடித்தான் போயிருந்தார். ஆனாலும் இருபது வருடம் தொழில் செய்தவர். கார்டு தவறுதலாக மூடப்பட்டது என்று குறித்து, புதிதாகத் திறந்து இன்றைய பரிசோதனையைப் பதிந்துவிடலாமே என்றார். லிசிக்கு அந்த அதிகாரம் இருந்தது. இரண்டு பட்டனை அழுத்தினால் போதும். ஒரு உயிரும் போகவில்லை. "உங்க வீட்டுப் பையன்தானேம்மா," என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

அறிக்கை எழுதிவிட்டுச் சொல்கிறேன் என்று தன் மேஜைக்கு வந்தாள். கார்டுகள் மூடப்பட்ட தேதியின் எல்லாப் பதிவுகளையும் மேலிருந்து கீழே பார்த்தாள். அந்த இருபத்தெட்டாம் தேதி பிரவீனுக்கு ஒதுக்கப்பட்டது பதினோரு வேலை. ஒதுக்கியது அவள். மதியம் இரண்டு மணிக்கு அவன், ஸ்ரீரங்கத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று ஆப்பில் கேட்டிருந்தான். மூன்று ஐம்பத்திரண்டுக்கு அவள் பதில் போட்டிருந்தாள்: 'ஆறையும் இன்னைக்கே க்ளோஸ் பண்ணு. மாசக் கடைசி. நாளைக்குத் தள்ளாத.'

அதை எழுதியது அவளுக்கு ஞாபகமே இல்லை. அன்றைக்கு அதுபோல எத்தனை பேருக்கு எத்தனை செய்தி போட்டிருப்பாளோ. திரையில் தன் பெயருக்குக் கீழே இருந்த அந்த வரியை அவள் மூன்று நான்கு தடவை படித்தாள்.

அறிக்கையில் எல்லாவற்றையும் வைத்தாள். ஆறு போட்டோ, அரியமங்கலம், பதினோரு நிமிடம், பதினோரு வேலை, தன்னுடைய செய்தி. கீழே கையெழுத்துப் போட்டு அற்புதசாமியிடம் நீட்டினாள். படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதை ஏம்மா உள்ள போட்டீங்க?" என்றார், அவளுடைய செய்தியைக் காட்டி.

"அது நடந்துச்சு சார்," என்றாள்.

பிரவீன்ராஜை இரண்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். லிசிக்கு எழுத்தில் எச்சரிக்கை. மென்பொருள்காரர்களை வரவழைத்து இரண்டு மாற்றம் செய்தார்கள். நோயாளியின் வீட்டுக்குப் பக்கத்தில் போன் இல்லாவிட்டால் கார்டு மூடாது. ஒருவருக்கு ஒரு நாளில் ஏழு வேலைக்கு மேல் ஒதுக்க முடியாது. லிசி அழுத்தினாலும் திரை சிவப்பாகி மறுக்கும். இரண்டாவதைக் கேட்டு வாங்கியது அவள்தான்.

அந்த வார சனிக்கிழமை அவள் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனாள். தேசிகன் தூங்கிக்கொண்டிருந்தார். வத்ஸலா மோர் கொடுத்து உட்கார வைத்து, அன்றைக்கு உங்க குரல்தான் எனக்குத் தைரியம் என்றாள். லிசி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, போன மாதம் உங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை, வந்ததாக எங்கள் ஆள் எழுதினான், அவசரப்படுத்தியது நான் என்று சொன்னாள். வத்ஸலா எழுந்து போய்க் கணவர் இருந்த அறையின் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை.

"இனிமே அந்த ஹாஜிராவையே அனுப்புங்கோ," என்றாள் கடைசியில். சரி என்று சொல்லி லிசி எழுந்துகொண்டாள்.

வீட்டில் நிலைமை மோசமாக இருந்தது. தம்பியைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று அடைக்கலராஜ் வாய்விட்டுச் சொல்லவில்லை; ஆனால் நாலு நாள் அவள் கட்டிக்கொடுத்த டிபனை எடுத்துப் போகவில்லை. பிரவீன் அறையை விட்டே வரமாட்டான். வந்தாலும் அண்ணி என்ற சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. லிசி தட்டில் போட்டு வைப்பாள், அவன் எடுத்துக்கொண்டு போவான்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்து எதிரே உட்கார்ந்தான். அவனும் ஒரு கொத்தை எடுத்து ஆய்ந்தான்.

"அன்னைக்கு அவருக்கு எவ்ளோ வரைக்கும் இறங்குச்சு?"

"எண்பத்தொண்ணு."

அவன் தலையாட்டினான். எண்பத்தொன்று என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அந்த மீட்டரைப் படிக்க நூறு வீட்டில் சொல்லிக்கொடுத்தவன் அவன். அவர்களுக்கு என் பேர் தெரியுமா என்று கேட்டான். தெரியாது, எங்கள் ஆள் என்றுதான் சொன்னேன் என்றாள் லிசி.

மறுநாள் காலையில் சவரம் செய்துகொண்டு, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தான். ஸ்ரீரங்கத்துக்கா என்று அண்ணன் கேட்டதற்கு ஆமாம் என்றான். மத்தியானம் திரும்பி வந்தவன் என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. சோறு போடுங்கண்ணி என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.